ஓரகத்தியின் பிடி

என் ஓரகத்தியை அங்க கூட்டிட்டுப் போனது நான்தான். வேற யாரையும் குத்தம் சொல்ல வழியில்ல. சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்வாங்களே, அதை நான் சந்தாவும் கட்டி, அவ அளவுக்கு உடுப்பும் பிடிச்சுத் தைச்சுக் கொடுத்து, கையைப் பிடிச்சு மாடிப்படி ஏத்திவிட்டுச் செஞ்சேன்.

ஓரகத்தின்னா என் கொழுந்தன் பொண்டாட்டி. அண்ணன் தம்பி ரெண்டு குடும்பமும் ஒரே வீட்டுல, ஒரே அடுப்புல. அவளை நாங்க எல்லாருமே 'சின்னவ'ன்னுதான் கூப்பிடறது. ஒரு மிருக ஆஸ்பத்திரியில உதவியாளா இருக்கா. டாக்டர் ஊசி போட்டு முடிக்கற வரைக்கும் நாயோ பூனையோ அசையாமப் பிடிச்சுக்கணும், அதுதான் அவ வேலை. நான் ஒரு சலவைக் கடையில தையல். பேண்ட் நீளம் குறைக்கறது, ஜிப் மாத்தறது, கிழிஞ்சதுக்கு ஒட்டுப் போடறது. அவ நின்னுக்கிட்டே சம்பாதிக்கறா, நான் உட்கார்ந்துக்கிட்டே சம்பாதிக்கறேன்.

நாள் பூரா மிஷின் முன்னால குனிஞ்சு உட்கார்ந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும். டாக்டர்கிட்ட போனா, உடம்பை அசைச்சு ஏதாவது செய்யுங்கம்மான்னாரு. எங்க கடை இருக்கற தெருவுலயே டயர் கடைக்கு மேல ஒரு கூடம். பெரியவர்களுக்கு ஜியு-ஜிட்சு பயிற்சின்னு போர்டு தொங்கும். அந்தப் பேரை எழுத்துக் கூட்டி வாசிக்கவே எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு. ஒரு சாயந்தரம் ஏறிப் போய் எட்டிப் பார்த்தா, என் வயசுக்காரங்க எல்லாம் கெட்டி வெள்ளை உடுப்பைப் போட்டுக்கிட்டுத் தரையில உருண்டுக்கிட்டு இருக்காங்க. குத்து கிடையாது, உதை கிடையாது. பிடிக்கணும், சாய்க்கணும், மேல ஏறி அமுக்கணும், கையிலயோ கழுத்துலயோ பூட்டுப் போடணும். பூட்டு விழுந்துடுச்சு, இனிமே முடியாதுன்னா எதிராளி மேலயே ரெண்டு தட்டு தட்டணும். தட்டினா அந்த நிமிஷமே அவங்க விட்டுடணும். அங்க முதல் நாள் சொல்லித் தர்ற பாடமே அதுதான். எப்படி விழணும்னுகூட அப்புறம்தான் சொல்லித் தருவாங்க.

மாஸ்டர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஒல்லியா இருப்பாரு, பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்துல ஒண்ணு பேசுவாரு. கூடத்துக்கு முதலாளின்னு யாரும் இல்ல, நாங்களே சேர்ந்து வாடகை கட்டறோம், நாங்களே முறை போட்டு, தரையில விரிச்சிருக்கற மேட்டைத் துடைக்கறோம். ஒரு பேக்கரிக்காரர் வர்றாரு, ஒரு நர்ஸம்மா வர்றாங்க, இன்னும் பத்துப் பதினஞ்சு பேர். எனக்கு அந்த இடம் ஒட்டிக்கிச்சு. வீட்டுலயும் சரி, கடையிலயும் சரி, நல்லாப் பண்ணியிருக்கேன்னு என்கிட்ட சொன்ன ஆளே கிடையாது. அங்க சொன்னாங்க. போகப் போக எல்லாரோட கிழிஞ்ச உடுப்பும் என் கைக்கு வர ஆரம்பிச்சுது. அக்குள்ல விட்டுப்போகும், முட்டியில தேயும், காலர் பிய்யும். பாதிப் பேர் உடம்புல என் தையல்தான் ஓடுது. கூடத்துச் சாவி ஒண்ணுகூட என் பையில இருந்துச்சு. நான் வந்து திறந்தாத்தான் அவங்க உள்ள போகணும். அதுல எனக்கு ஒரு கித்தாப்புதான், இல்லைங்கல.

என் உடுப்பைத் துவைச்சுக் காயப் போடறது சின்னவதான். ஒரு நாள் கொடியில தொங்கற உடுப்பைத் தடவிக்கிட்டே, நானும் வரட்டுமாக்கான்னு கேட்டா. தாராளமா வான்னேன். எனக்குக் கீழ ஒருத்தி இருந்தா நல்லாத்தானே இருக்கும். துடைக்கும்போது கூட ஒரு ஆளு, உருளும்போது கைக்கு அடக்கமா ஒரு ஆளு.

முதல் வாரத்துலயே, எப்படி நடந்துச்சுன்னு தெரியல, என் கழுத்தைப் பிடிச்சுட்டா. நான் தட்ட வேண்டியதாப் போச்சு. ஏதோ குருட்டு அதிர்ஷ்டம். அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரே தலைவலி, ரெண்டு மூணு நாள் யார்கிட்டயும் பேச்சுக் கொடுக்கல. அவ்வளவுதான் நடந்தது. அதுக்கப்புறம் அவ என்னை ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல.

ஆனா மத்தவங்களை ஜெயிச்சா. அதை எப்படிச் சொல்றது. பேக்கரிக்காரர் மாவு மூட்டையைத் தோள்ல தூக்கிட்டுப் படியேறற ஆளு. அவரைப் பிடிச்சு வெச்சுட்டா. நர்ஸம்மா, இவங்க பிடிச்சா வலியே இல்ல ஆனா நகரவும் முடியலன்னு போற வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. புதுசா ஒரு பூட்டு சொல்லித் தரணும்னா மாஸ்டர் முன்னெல்லாம் என்னைத்தான் நடுவுல கூப்பிட்டு என் மேல செஞ்சு காட்டுவாரு. இப்ப அவர் கண்ணு நேரா அவகிட்ட போகுது. நான் பாதி எழுந்திருச்சுட்டு, உடுப்பைச் சரி பண்ற மாதிரி மறுபடி உட்கார்ந்துக்குவேன். கிளாஸ் கடைசியில அவளோட உருள வரிசையில நிப்பாங்க. என்கிட்ட வர்றவங்க, அக்கா இந்த முட்டி கொஞ்சம் பிரிஞ்சிருக்கு பாருங்களேன்னு வருவாங்க.

எனக்கு வயிறு எரிஞ்சுது. சும்மா சொல்லல, நிஜமாவே நெஞ்சுக்குக் கீழ எரியும். ராத்திரி சாப்பாடு இறங்காது. என் வீட்டுக்காரர், என்ன நீ உர்ருன்னு இருக்கேன்னு கேட்டா, இடுப்புன்னுடுவேன். இடுப்பு எப்பவோ சரியாப் போச்சு.

என்னை நிறுத்தி வெச்சிருந்தது ஒண்ணே ஒண்ணு. என்கிட்ட மட்டும் அவ தோத்துடுவா. நாங்க உருண்டா எப்பவும் ஒரே கதைதான். நான் மேல ஏறுவேன், அவ முழங்கை வெளியில நீட்டிக்கிட்டு நிக்கும், பிடிச்சு மடக்குவேன், ரெண்டு தட்டு. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். பேக்கரிக்காரரை அவ ஜெயிக்கறா. அவளை நான் ஜெயிக்கறேன். அப்போ பேக்கரிக்காரரை யாரு ஜெயிச்ச மாதிரி? அவரோட நேரா உருண்டா அவரு என்னை நசுக்கிப் போட்டுடறாரே, அது எப்படின்னு கேட்கக் கூடாது. ஆளு கனம். போதாததுக்கு அவரு வேர்க்கற வேர்வையில யாருக்குப் பிடி நிக்கும்.

தவிர, அவளை எனக்குத் தெரியாதா. ஒரே வீட்டுல இருக்கோம். பிள்ளைப்பூச்சி. வாயே திறக்க மாட்டா. கல்யாணமாகி வந்தப்போ முன் ரூம் அவங்களுக்குன்னுதான் பேச்சு, அதுல ஒரு பெரிய ஜன்னல் உண்டு. எனக்கு மிஷின் போட வெளிச்சம் வேணும்டின்னேன். சரிக்கான்னுட்டு, பின்னால இருட்டு ரூமுக்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா. காலையில குளிக்கறது நான் முதல்ல. அவளுக்கு என்னைவிட முன்னாடி வேலைக்குப் போகணும்தான், ஆனா நான்தானே பெரியவ. ஊருக்கு அந்தப் பக்கம் பெரிய மிருக ஆஸ்பத்திரி ஒண்ணுல அவளை வரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அங்க ஆபரேஷன்லகூட நிக்க விடுவாங்களாம், சொல்லும்போதே அவ முகம் பளிச்சுன்னு இருந்துச்சு. திரும்பி வர நேரமாகுமேடி, சாயந்தரம் அடுப்பை யாரு பார்க்கறதுன்னு கேட்டேன். கேட்டேன், அவ்வளவுதான், போகாதேன்னா சொன்னேன்? சரிக்கான்னா. மறுநாள் போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டா. இப்படிப்பட்டவ எப்படி ஒருத்தரை அமுக்கி ஜெயிப்பா? ஏதோ எல்லாருமாச் சேர்ந்து புதுசா வந்தவளைத் தூக்கி வெச்சு ஆடறாங்கன்னுதான் நினைச்சேன்.

இப்படி இருக்கும்போதுதான் மாஸ்டர் அந்தப் பேச்சை எடுத்தாரு. காலையில பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒரு கிளாஸ் வைக்கலாம், நிறையப் பேர் கேட்கறாங்க. எனக்குக் காலையில லிஃப்ட் டியூட்டி, வர முடியாது. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு நீலப் பெல்ட் கொடுத்து அந்தக் கிளாஸை ஒப்படைக்கலாம்னு இருக்கேன், மாசக் கடைசியில முடிவு பண்றேன்னாரு. உங்க ரெண்டு பேருன்னா நானும் அவளும். நர்ஸம்மா இருக்காங்களேன்னு யாரோ கேட்டதுக்கு, அவங்களுக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும்னு அவங்களே சொல்லிட்டாங்க.

அது எனக்கு வேணும்னு தவிச்ச மாதிரி நான் வேற எதுக்கும் தவிச்சதில்ல. எனக்குக் குனிஞ்சே பழக்கம். மிஷின்ல குனியறேன், கடையில அடுத்தவன் பேண்ட் கால்ல குண்டூசி குத்தக் குனியறேன். ஒரு தடவையாவது நான் முன்னால நிமிர்ந்து நிக்கணும், நாலு பேர் என் கையைப் பார்த்துச் செய்யணும். அங்க பெல்ட் வரிசைப்படிதான் நிக்கணும், வெள்ளைக்கு மேல நீலம். நீலம் அவளுக்குப் போச்சுன்னா நான் அவளுக்குப் பின்னால நிக்கணும். வீட்டுல நான் மூத்தவ, அங்க போய் இவ முதுகைப் பார்த்துக்கிட்டு நிக்கறதா?

மாஸ்டர் என்கிட்ட ஒரு பேட்ஜைக் கொடுத்து வெச்சாரு. பயிற்சியாளர்னு நூல்ல போட்டது, தோள்ல தைக்கறது. முடிவானதும் தைச்சுக் கொடுங்கன்னாரு. அதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். கதவைச் சாத்திட்டு, என் ரெண்டாவது உடுப்புத் தோள்ல சும்மா வெச்சுப் பார்த்தேன். குண்டூசி குத்திப் பார்த்தேன். அப்புறம் மிஷின்ல ஓட்டியே விட்டுட்டேன், சின்னத் தையலா, சுத்தி நெருக்கமா. போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னால நின்னேன். பொருத்தமாத்தான் இருந்துச்சு. கழட்டி அலமாரிக்குள்ள போட்டுட்டேன். கடை முதலாளிகிட்ட, இனிமே காலையில ஒரு அரை மணி லேட்டாத்தான் வருவேன்னு சொல்லியும் வெச்சுட்டேன்.

மாசக் கடைசியும் வந்துச்சு. எல்லாரையும் வட்டமா உட்கார வெச்சுட்டு மாஸ்டர் எங்க ரெண்டு பேரையும் நடுவுல கூப்பிட்டாரு. ரெண்டு பேர்கிட்டயும் எனக்கு ஒவ்வொரு தயக்கம் இருக்குன்னு ஆரம்பிச்சாரு. இழுத்து இழுத்துப் பேசறாரு, பார்வை அவ பக்கமே போகுது. போச்சுடான்னு எனக்குத் தோணிடுச்சு. அதுக்கு மேல என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல.

"மாஸ்டர், ஒரு நிமிஷம். இவளை நான் ஒவ்வொரு தடவையும் தட்ட வெச்சிருக்கேன். எல்லாரும் பார்த்திருக்காங்க. ஒரு தடவைகூட இவ என்னை ஜெயிச்சதில்ல, கேட்டுப் பாருங்க."

 பேக்கரிக்காரர் தன் கால் விரலைப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. நர்ஸம்மா கொண்டையை அவிழ்த்து மறுபடி போட்டாங்க. வட்டத்துல ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கல. கீழ டயர் கடையில காத்து அடிக்கற சத்தம் மட்டும் கேட்டுது. அந்தக் கூடத்துல எனக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

மாஸ்டர் அவளைத்தான் கேட்டாரு, பூட்டு விழுந்து தட்டறீங்களா, விழறதுக்கு முன்னாடியே தட்டிடறீங்களான்னு. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவருக்கு எப்பவும் இல்லாத கோபம். என் தயக்கமே இதுதாம்மான்னாரு. பொய்யாத் தட்டறவங்ககிட்ட நான் ஒரு கிளாஸைக் கொடுக்க முடியாது. கத்துக்க வர்றவங்க, நாம பிடிச்சது சரியான பிடின்னு நம்பி வீட்டுக்குப் போவாங்க. ஒரு நாள் நிஜமாவே வேண்டியிருக்கும்போது அது நிக்காதுன்னாரு. என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்ல. பொய்ப் பிடியை நம்பி நடுவுல நிக்கறவ நான்தானே, திரும்பிப் பார்த்தா அசிங்கமாப் போயிடும்னு விட்டிருப்பாரு. அந்தக் கருணை எனக்குச் செருப்படியா இருந்துச்சு.

கடைசியா, ஒரே ஒரு ஆட்டம், ரெண்டு பேரும் நிஜமா உருளுங்க, அதைப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்னாரு.

அவ என்னைப் பார்த்தா. என்ன செய்யட்டும் அக்காங்கற பார்வை. சாம்பாருக்கு உப்பு போதுமான்னு கேட்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. எனக்கு நல்லாத் தெரியும், நான் லேசா முகம் சுளிச்சாப் போதும், இன்னொரு தடவை முழங்கையை நீட்டிடுவா, பொய்யாத் தட்டிடுவா, அவ கையை விட்டு கிளாஸ் போயிடும், எனக்கு வந்துடும். மனசு அதைத்தான் கேட்டுது, ஏன் மறைக்கணும். ஆனா இன்னொரு புத்தி, என்னடி பெரிய பொய், நான் பிடிச்சதெல்லாம் நிஜப் பிடிதான், இப்பக் காட்டறேன்னு குதிச்சுது. வா, பார்த்துடலாம்னேன்.

காலரைப் பிடிச்சு இழுத்து வழக்கம் போல மேல ஏறினேன். முழங்கையைத் தேடினேன். இல்ல. எப்பவும் எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கற முழங்கை அவ விலாவோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அதைப் பிடுங்கக் குனிஞ்சேன், என் இடுப்பு எங்கயோ போச்சு, கூரை கீழ வந்துச்சு. எழுந்திருக்கறதுக்குள்ள என் முதுகுக்குப் பின்னால வந்து ஒட்டிக்கிட்டா. ரெண்டு காலும் என் இடுப்பைச் சுத்தி. முன்கை என் தாடைக்குக் கீழ. எல்லாம் ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். அவசரமே இல்லாமச் செஞ்சா.

இறுக்கல. அதுதான் இன்னும் கொடுமை. அவ ஆஸ்பத்திரியில நாயைப் பிடிக்கற பிடி அது. மூச்சு முட்டல, வலிக்கல, ஆனா ஒரு இஞ்ச் நகர முடியல. உதறிப் பார்த்தேன். திமிறிப் பார்த்தேன். கையைப் பிய்க்கப் பார்த்தேன். நான் அடங்கற வரைக்கும் கூடவே அசைஞ்சா, அப்புறம் பழையபடி. தட்ட மாட்டேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். உயிர் போனாலும் இவகிட்ட தட்ட மாட்டேன். காதுகிட்ட அவ மூச்சு கேட்டுது. யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னா:

"தட்டுங்கக்கா. தட்டினா நான் விட்டுடுவேன்."

நான் தட்டல. கொஞ்ச நேரம் கழிச்சு, அதே குரல்ல, கோபம் துளியும் இல்லாம, இன்னொண்ணும் சொன்னா.

"நீங்கதாங்க்கா விட மாட்டீங்க."

நான் திமிறறதை நிறுத்திட்டேன். முதல்ல, உருளறதைத்தான் சொல்றாளோன்னு நினைச்சேன். என்னடி பேசறே, நீ தட்டினப்பல்லாம் விட்டேனேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம்தான் சரிக்கான்னு அவ முன் ரூமை விட்டுட்டுப் போனது ஞாபகம் வந்துச்சு. நான் அதோட விடல. பின் ரூமுக்கும் போய், இந்த மூலையில என் துணி மூட்டையை வெச்சுக்கறேன்னேன், அதுக்கும் சரிக்கா. பெரிய ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு சொன்ன அன்னைக்கு, சமையலைப் பார்த்துக்கறா நல்ல பொண்ணுன்னா சொன்னேன்? அன்னைக்கு ராத்திரியே காலைச் சமையலையும் அவ தலையில கட்டினேன். முதல் வாரத்துல அவ என்னைத் தட்ட வெச்சதுக்கு வீட்டுல நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தது தலைவலியால இல்லைன்னு அவளுக்கு மட்டும் தெரியாதா என்ன. அந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து அவ தட்டிக்கிட்டேதான் இருந்திருக்கா. நான் ஒவ்வொரு தட்டுக்கும் இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கேன்.

அவ முன்கையில ரெண்டு தட்டு தட்டினேன்.

தட்டின கை கீழ இறங்கறதுக்குள்ள விட்டுட்டா. விட்டதோட இல்ல, எனக்கு முன்னால வந்து மண்டி போட்டு, கலைஞ்சு போன என் காலரைச் சரி பண்ணிவிட்டா. அழுகை வருதா ஆத்திரம் வருதான்னே எனக்குத் தெரியல. மாஸ்டர் அவ இடுப்புல நீலப் பெல்ட்டைக் கட்டினாரு. எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். அப்புறம் எல்லாரையும் வரிசையில நிக்கச் சொன்னாரு. நான் போய் அவளுக்குப் பின்னால நின்னேன். அவ பின் கழுத்துல ஒரு மச்சம் இருக்கு. இத்தனை வருஷத்துல நான் பார்த்ததில்ல.

ரெண்டு பேரும் வீட்டுக்கு நடந்து வந்தோம். அவ நீலப் பெல்ட்டைச் சுருட்டிப் பையோட அடியில, டப்பாவுக்குக் கீழ ஒளிச்சு வெச்சிருந்தா. ஜெயிச்சுட்டு வந்தவ திருடிட்டு வந்தவ மாதிரி நடந்து வர்றா. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. சந்தோஷப்பட்டா என்ன, நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

சாப்பாடு முடிஞ்சு ஆம்பளைங்க டிவி பக்கம் போனதும், அவ பாத்திரம் தேய்ச்சா, நான் துடைச்சு அடுக்கினேன். அப்ப ஆரம்பிச்சா. பெல்ட் என்கிட்ட இருக்கட்டும்க்கா, காலைக் கிளாஸை நீங்களே எடுங்க, மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன்னா. எனக்கு வேலைக்கு நேரமாகும், அது இதுன்னு ஏதேதோ காரணம் அடுக்கினா. நான் டம்ளரையே துடைச்சுக்கிட்டு இருந்தேன். கடைசியா, கையில நுரையோட, குழாயைப் பார்த்துக்கிட்டே சொன்னா:

"பேட்ஜ் ஏற்கெனவே உங்க உடுப்புலதானேக்கா இருக்கு. பிரிச்சா துணி வீணாப் போகும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. துவைக்கறது அவதானே. அலமாரியில அழுக்குத் துணி இருக்கான்னு பார்த்து எடுக்கறது அவதானே. எப்பவோ பார்த்திருக்கா, மறுபடி மடிச்சு அதே இடத்துல வெச்சிருக்கா. வட்டத்துல அத்தனை பேர் முன்னாடி நான் அவளைக் குத்தம் சொல்லி நின்னப்போகூட அதை வெளியில விடல.

ஒரு நிமிஷம், நிஜமாச் சொல்றேன், சரின்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. கிளாஸ் எனக்கு. அவளே கொடுக்கறா. கேட்கக்கூட இல்ல. நாளைக்குக் காலையில நான் முன்னால நிமிர்ந்து நிக்கலாம். அவளோட ஈரக் கை சிங்க் ஓரத்துல இருந்துச்சு, அதையே பார்த்தேன். இதுவும் ஒரு தட்டுதான்னு புரிஞ்சுது. மறுபடி தட்டறா. நான் சரின்னா, மறுபடி இறுக்கறேன்.

ரூமுக்குப் போய் அந்த உடுப்பையும் தையல் பிரிக்கற கத்தியையும் எடுத்துட்டு வந்தேன். அடுப்படியில ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவ கண்ணு முன்னாலயே பேட்ஜைப் பிரிச்சேன். எவ்வளவு நெருக்கமாத் தைச்சுத் தொலைச்சிருக்கேன், வரவே மாட்டேங்குது. ஒவ்வொரு தையலா அறுத்து, ஒவ்வொரு நூலா உருவினேன். வேண்டாம்க்கா, வேண்டாம்க்கான்னு அவ பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தா. வாயை மூடிக்கிட்டு உன் உடுப்பைக் கொண்டான்னேன். கொண்டு வந்தா. அவ தோள்ல வெச்சு, கையாலயே தைச்சேன், மிஷினைவிட நேரா வரும். ஊசியை ஒவ்வொரு தடவை குத்தும்போதும் எனக்கு எரிஞ்சுது. எரிச்சல் போயிடுச்சுன்னு நான் சொன்னா அது பொய்த் தட்டு. என் உடுப்புத் தோள்ல சுத்தி வரிசையாத் துளை நிக்குது. துவைச்சாத் துணி கூடிக்கும்னு தையல்காரி எனக்குத் தெரியாதா. ஆனாலும் அதைப் பார்க்கப் பிடிக்கல.

தைச்சுக்கிட்டே, அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில இன்னும் ஆளு எடுக்கறாங்களான்னு கேட்டேன். இல்லைக்கா, அது அப்பவே போச்சுன்னா.  நூலைப் பல்லால கடிச்சு அறுத்தேன்.

அப்புறம் முன் ரூமை நீ எடுத்துக்கோ, மிஷினை நான் ஹால்ல போட்டுக்கறேன்னேன். பரவாயில்லக்கா, பழகிடுச்சு, வேண்டாம்னா, சொல்லி முடிக்கறதுக்குள்ளயே. ஊசியைக் கீழ வெச்சேன். முழங்கை மறுபடி வெளியில நீட்டிக்கிட்டு நிக்குது, எனக்கு இப்ப அது தெரியுது.

"இது நிஜத் தட்டா, பொய்த் தட்டாடி?"

 புடவை முந்தியில கையைத் துடைச்சா, துடைச்ச கையையே மறுபடி துடைச்சா. நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தா. பயந்துக்கிட்டேதான் சொன்னா, ஆனா சொன்னா.

"பொய்தாங்க்கா. எனக்கு அந்த ஜன்னல் வேணும்."

அந்த வெளிச்சம் இல்லாம நான் எப்படிக் கருப்புத் துணி தைப்பேன்னு நினைச்சேன். ஹால்ல டிவி சத்தத்துல மிஷினைப் போட்டுக்கிட்டு என்னத்தைச் செய்யப் போறேன்னு நினைச்சேன். நாளைக்குக் காலையில அவ முன்னால நிப்பா, நான் பின்னால நிப்பேன், சாயந்தரம் வந்தா ஜன்னலும் அவளுக்கு. 

சரிடின்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இவ்வளவு வலிக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.